குளிர்கடல் குடல் நோயைக் குணப்படுத்துமா?

மாணவர்களே, நம் நாட்டுக் கடல்நீரின் வெப்பநிலை பொதுவாக 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டனில் குளிர்காலக் கடல்நீர் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். ஆனாலும் 1860-இல் அங்குத் தொடங்கப்பட்ட நீச்சல் சங்கத்தினர் இன்றும் ஆண்டு முழுவதும் கடலில் நீந்துகிறார்கள்.

அண்மையில் என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி ஒரு காணொளியைக் காட்டினாள். குரோன் நோயுள்ள ஒருவர், குளிர்கடலில் நீந்தியே நலமடைந்ததாக அதில் சொல்கிறார். “டீச்சர், நானும் தினமும் ஐஸ் தண்ணியில குளிச்சா மருந்தை நிறுத்திடலாமா?” என்று கேட்டாள். அவளுக்கும் அதே நோய். இந்தக் கேள்விக்கு அறிவியல் என்ன பதில் சொல்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

குரோன் நோய் என்றால் என்ன?

1932-இல் நியூயார்க்கில் பரில் குரோன் என்னும் மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்கள் இருவரும் இந்நோயை விவரித்து எழுதினர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், இந்நோயில் குடல்சுவரையே தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, இரத்தச்சோகை, சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சில காலம் தீவிரமடையும். சில காலம் தணிந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வையுங்கள்.

குளிர்நீரில் உடல்

நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்நீரில் இறங்கியதும் தோலிலுள்ள நரம்புகள் மூளைக்கு அபாயச் செய்தி அனுப்புகின்றன. நம்மை அறியாமலே மூச்சை இழுக்கிறோம். இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதுவே குளிர் அதிர்ச்சி. அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால், மூச்சோடு நீரும் உள்ளே போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட முதல் சில நிமிடங்களில் மூழ்குவதற்கு இது ஒரு காரணம்.

போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். சில நிமிடங்கள் வீதம் ஆறு முறை குளிர்நீரில் இறங்கிப் பழகினாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆக, உடல் குளிருக்குப் பழகுவது உண்மைதான்.

அப்படியானால் குடல்?

மூளையையும் குடலையும் இணைப்பது வேகஸ் நரம்பு. குளிர்ந்த ஈரத்துணியை முகத்தில் வைத்து மூச்சை அடக்கினால் நாடித்துடிப்பு குறையும். அது வேகஸின் வேலை. இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் அழற்சி குறைகிறது என்பதை 2000-இல் கெவின் டிரேசி குழுவினர் எலிகளில் காட்டினர்.

‘குளிர் வேகஸைத் தூண்டும், வேகஸ் அழற்சியைக் குறைக்கும், ஆகவே குளிர் குடலை ஆற்றும்’ என்று பலர் முடிவு கட்டுவது இதை வைத்துத்தான். கணக்குச் சரியாக வருவதுபோல் தெரியும். ஆனால், சில நிமிடக் குளிரும் ஆய்வகத்தில் கொடுக்கும் மின்தூண்டுதலும் ஒன்றல்ல. எலியின் உடலும் மனித உடலும் ஒன்றல்ல.

இன்னொன்றும் உண்டு. நோய் மிக மோசமாக இருக்கும்போதுதான் ஒருவர் புதிய வழியைத் தேடுவார். நோய்க்கோ ஏற்ற இறக்கம் இயல்பு. ஆகவே, அதன்பின் அவர் எதைச் செய்திருந்தாலும் சற்றுக் குணம் தெரிய வாய்ப்பு அதிகம். உண்மையை அறிய, நீந்துவோர், நீந்தாதோர் என இரு குழுக்களைப் பல மாதங்கள் ஒப்பிட வேண்டும். ‘நன்றாக இருக்கிறது’ என்ற உணர்வு மட்டும் போதாது. மலத்தில் உள்ள கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவு, குடல் அழற்சியைக் காட்டும். அதையும் அளக்க வேண்டும்.

நீந்தவே கூடாதா?

அப்படியில்லை! அமெரிக்க வீராங்கனை கேத்லீன் பேக்கர் குரோன் நோயோடு வாழ்பவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் வெள்ளி வென்றார். நீச்சலால் மனம் லேசாகும், நண்பர்கள் கிடைப்பார்கள், ‘என் உடலாலும் முடியும்’ என்ற நம்பிக்கை வரும். இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் நோய் தீவிரமாக இருக்கும்போது உடலில் நீரும் இரத்தமும் குறைந்திருக்கலாம். அப்போது குளிர்நீர் ஆபத்து. சில மருந்துகள் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைப்பதால், கழிவுநீர் கலந்த கடலில் இறங்கக் கூடாது. தனியாக நீந்தக் கூடாது. கரையேறிய பிறகும் உடலின் வெப்பநிலை சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே துவட்டி, உலர்ந்த உடை அணிய வேண்டும்.

என் மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: “நீந்தலாம்மா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு நீந்து. மருந்தை மட்டும் நீயா நிறுத்தாதே.” இப்போது அவள் சனிக்கிழமைதோறும் நீச்சல் குளத்துக்குப் போகிறாள். மருந்தையும் தவறாமல் எடுத்துக்கொள்கிறாள்.

இனி, ‘இதைச் செய்தேன், குணமானேன்’ என்று யாராவது சொன்னால் ஒன்று கேளுங்கள்: ‘இதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’