சரக்கு வந்ததும் நமக்குச் செய்தி வருவது எப்படி?

ஆன்லைன் கடையில் நீலச் சட்டை, 40 சைஸ், தீர்ந்துவிட்டது. “வந்ததும் தெரிவிக்கவும்” பட்டனை அழுத்துகிறோம். சில நாளில் மின்னஞ்சல் வருகிறது. யார் பார்த்துச் சொல்கிறார்கள்?

ஆள் யாருமில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் சைஸுக்கும் தனிக் குறியீடு உண்டு, எஸ்.கே.யு. என்பார்கள். நம் முகவரி அதன்கீழ்தான் பதிவாகிறது. அதனால் 42 சைஸ் வந்தால் நமக்குச் செய்தி வராது. கிடங்கில் புதுச் சரக்கைக் கணக்கில் ஏற்றியதும் இருப்பு 0-இலிருந்து உயர்கிறது. ஷாப்பிஃபை போன்ற ஆன்லைன் கடைத் தளங்கள் அந்த மாற்றத்தை ‘வெப்ஹுக்’ எனும் தானியங்கித் தகவல் வழியாக அறிவிப்பு மென்பொருளுக்கு உடனே அனுப்பிவிடுகின்றன. அந்த மென்பொருள் நிமிடத்துக்கொரு தரம் போய்க் கேட்க வேண்டியதில்லை.

சிக்கல் இனிமேல்தான். வந்தது 5 சட்டை, காத்திருப்பவர் 500 பேர் என்றால்? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொன்னால் குறைந்தது 495 பேருக்கு ஏமாற்றம். ஆகவே பதிந்த வரிசைப்படி, சிறு தொகுதிகளாக அனுப்புவதே நியாயம்; இருப்பு மிச்சமிருந்தால் அடுத்த தொகுதி. இத்தனை வந்தால்தான் அனுப்பு என்று வரம்பும் வைக்கலாம். யாரோ திருப்பி அனுப்பிய ஒற்றைச் சட்டைக்காக 500 பேரைக் கூப்பிடக் கூடாது. செய்தி போனதும் அந்தக் கோரிக்கையை முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இருப்பு தீர்ந்து ஏறும்போதெல்லாம் அதே ஆளுக்கு மின்னஞ்சல் போய்க்கொண்டே இருக்கும்.