பட்டை போய்ச் சுருள் வந்தால்... ஜீப்பின் அடியில் ஒரு கணக்கு

குடகிலும் சகலேஷ்பூர் பக்கத்திலும் மழைக்காலம் பிறந்துவிட்டால் ஜீப்புக்குத்தான் மவுசு. காபித் தோட்டத்துச் சேற்றிலும் பாறையிலும் வேறு வண்டி ஏறாது. ஆனால் பழைய ஜீப்பிலோ மாருதி ஜிப்சியிலோ பத்து மைல் போய் வந்தவரைக் கேட்டால் முதலில் இடுப்பு வலியைப் பற்றித்தான் சொல்வார். காரணம், அந்த வண்டிகள் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்தவை.

"பட்டையைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டால் என்ன?" என்ற ஆசை இந்த வண்டிக்காரர்களுக்கு அடிக்கடி வருகிறது. பெங்களூர் ஜே.சி. ரோடு கடைகளிலும் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளிலும் சுருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுருளை மட்டும் வாங்கி வந்து மாட்டிவிட முடியுமா? முடியாது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. ஆக்ஸில் முன்னே பின்னே, பக்கவாட்டில் நகராமல் பிடித்தும் வைக்கிறது. சுருளுக்குப் பாரம் தாங்க மட்டுமே தெரியும். ஆக்ஸிலைப் பிடித்து வைக்க அதற்குக் கை இல்லை. ஆகவே அந்தக் கைகளை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். சேஸிஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் இந்த இரும்புத் தண்டுகளுக்கு 'லிங்க்' என்று பெயர்.

பட்டையிடம் வேறு குறைகளும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் உராய்கின்றன. துருப்பிடித்தால் சிறு குழியைக்கூட அப்படியே முதுகுக்கு அனுப்பிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பட்டை முறுக்கிக்கொண்டு பாம்புபோல வளைகிறது. சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் குதிக்கிறது.

இதற்கு வழி காட்டிய வண்டிகளில் முக்கியமானது 1970-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர். ஸ்பென் கிங் என்ற பொறியாளரின் குழு, கனமான ஆக்ஸிலை மாற்றாமலே, நீண்ட தூரம் அமுங்கி விரியும் சுருள்களை அதற்குக் கொடுத்தது. அதே கம்பெனியின் லாண்ட் ரோவருக்குச் சுருள் வர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க ஜீப் ராங்ளர் 1997-ம் வருட மாடலில்தான் பட்டையை விட்டது. நம் நாட்டு மஹிந்திரா தாருக்கோ 2020 வரை பின்பக்கம் பட்டைதான்.

நான்கு தண்டுகள்

பின் ஆக்ஸிலுக்கு வழக்கமாக நான்கு தண்டுகள். கீழே இரண்டு, மேலே இரண்டு. மேல் இரண்டையும் மேலிருந்து பார்த்தால் 'வி' எழுத்துப்போல் சாய்த்து வைத்தால், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராது. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் 40 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது அனுபவஸ்தர்கள் கணக்கு. மேல் தண்டின் நீளம் கீழ்த் தண்டில் முக்கால் பங்கு. ஆக்ஸிலில் மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் உள்ள இடைவெளி டயர் விட்டத்தில் கால் பங்கு. அதாவது 30 அங்குல டயருக்கு ஏழரை அங்குலம். இவை வேத வாக்கு அல்ல. தொடங்குவதற்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான்.

இடைவெளி குறைந்தால் ஆபத்து. இஞ்சினின் முறுக்கு விசை முழுவதையும் இந்தத் தண்டுகளும் அவற்றின் பிராக்கெட்டுகளுமே தாங்குகின்றன. இடைவெளி பாதியானால் அந்த விசையால் தண்டில் விழும் பாரம் இரட்டிப்பாகிறது. வெல்டிங் விட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மலைச்சரிவில் பிரேக் போடும் நேரத்தில் ஒரு பிராக்கெட் பிய்ந்தால் ஆக்ஸில் திரும்பிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதில் பயனில்லை.

முன் ஆக்ஸிலில் 'வி' வைக்க இஞ்சின் இடம் கொடுக்காது. அங்கே பக்கவாட்டு நகர்வைத் தடுக்க ஒரு குறுக்குத் தண்டு போடுகிறார்கள். இது ஒரு முனையில் சுழல்வதால் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது சற்றே பக்கவாட்டில் போகும். 500 மி.மீ. தண்டானால் 100 மி.மீ. ஏற்றத்துக்கு 10 மி.மீ. நகர்வு, 800 மி.மீ. தண்டானால் 6 மி.மீ.தான். ஆகவே நீளமாக இருப்பது நல்லது. ஸ்டியரிங் தண்டும் இதற்கு இணையாக, ஏறக்குறைய இதே நீளத்தில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே திரும்பப் பார்க்கும்.

சுருளின் கணக்கு

சுருளைக் கண்ணால் பார்த்து வாங்குவதுதான் பெரிய தவறு. ஒரு பின் சக்கரத்தின் மேல் 250 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 1.3 முறை மேலும் கீழும் ஆடினால் உடம்புக்கு இதமாக இருக்கும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் அமுக்க சுமார் 1.7 கிலோ கேட்கும் சுருள் வேண்டும். நின்ற நிலையிலேயே அது 147 மி.மீ. அமுங்கியிருக்கும். 12 மி.மீ. கம்பியில், 115 மி.மீ. விட்டத்தில், வேலை செய்யும் சுற்று எட்டு உள்ள சுருள் இதற்குப் பொருந்தும்.

ஒரே ஒரு மில்லிமீட்டர் தடித்த, 13 மி.மீ. கம்பியை எடுத்தால் என்ன ஆகும்? சுருள் 38 சதவீதம் கெட்டியாகிவிடும்! கம்பியின் தடிமன் நான்கு மடியாகப் பெருகிக் கணக்கில் சேருவதே காரணம். கடைக்காரர் "கொஞ்சம் ஹெவியாக இருக்கட்டும்" என்று கொடுப்பதை வாங்கி வந்தால், செலவு செய்து பழைய முதுகுவலியையே திரும்ப வாங்கியதாகும்.

ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது சுருள் தளர்ந்து கழன்று விழாமலிருக்க ஒரு பட்டை வாரோ, ஷாக் அப்சார்பரின் நீளமோ ஆக்ஸிலை நிறுத்த வேண்டும். பிரேக் ஹோஸ் போதுமான நீளம் இருக்கிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் தன் பல்லிலிருந்து விலகுகிறதா என்பதையும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். தேர்ந்த பட்டறைக்காரர்கள் சுருளை மாட்டாமலே, ஜாக்கியால் ஆக்ஸிலை ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் இறக்கி, எங்கே எது இடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் பிராக்கெட்டை முழுதாக வெல்டு செய்கிறார்கள்.

உயரமும் சட்டமும்

சுருள் மாற்றும்போது வண்டியை உயர்த்தவும் ஆசை வரும். சக்கரங்களுக்கு இடையே 1300 மி.மீ. அகலமும் 700 மி.மீ. உயரத்தில் புவியீர்ப்பு மையமும் உள்ள வண்டி, கணக்குப்படி 43 டிகிரி பக்கச் சரிவு வரை கவிழாது. மையம் 100 மி.மீ. உயர்ந்தால் அது 39 டிகிரிதான். ஸ்பிரிங் சாய்வதையும் சேர்த்தால் நிஜத்தில் இன்னும் குறையும். உயரமே அழகு என்று நினைப்பவர்கள், அந்த நான்கு டிகிரி குடும்பத்தோடு போகும்போதும் குறைந்தே இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே வருடம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன கேட்கும் என்பதை ஊகிக்கலாம். எனவே முழுவதும் மாற்றிய வண்டியைப் போட்டி மைதானத்துக்கு லாரியில் ஏற்றிச் செல்வதே சரி.

ரோட்டிலும் ஓட்ட வேண்டும், சுருளும் வேண்டும் என்பவர்களுக்கு, 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி இருக்கிறது. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், இரண்டு நீளக் கைகள், ஒரு குறுக்குத் தண்டு, சுருள்கள் எல்லாம் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. ஜிப்சியை மாற்ற நினைப்பவர், வெல்டிங்காரரைக் கூப்பிடும் முன், ஒரு ஜிம்னியின் அடியில் டார்ச் விளக்கோடு அரை மணி நேரம் படுத்துப் பார்க்கலாம்.