பக்கத்தில் ஆசான் இல்லாதவருக்கு எழுதுவது

குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்து வர்ம ஏடுகள், அதாவது உடலின் உயிர்நிலைகளைச் சொல்லும் சுவடிகள், தனியாக வாசிப்பவருக்குப் பிடிகொடுப்பதில்லை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்களையும் பாடல்கள் சொல்லும். ஆனால் எந்த இடம், எத்தனை மாத்திரை அளவு அழுத்தம் என்பதை ஆசான்தான் தொட்டுக் காட்ட வேண்டும். தவறான கையில் போனால் உயிரை எடுக்கும் வித்தை அது. அதனால் மறைத்து எழுதியதில் நியாயம் இருந்தது.

கணினிப் பாடம் எழுதுகிறவருக்கு அந்த நியாயம் கிடையாது. குலசேகரத்திலோ குளச்சலிலோ தமிழ்வழியில் படித்துவிட்டு, இரவில் செல்போனை வைத்துக்கொண்டு பைத்தான் கற்கும் மாணவிக்குப் பக்கத்தில் ஆசான் யாரும் இல்லை. ஒரு படி விடுபட்டால் அன்றைய படிப்பு அங்கேயே நின்றுவிடும். தொழில்நுட்பப் பாடங்களுக்கான விதிமுறைகள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் பிறக்கின்றன.

தமிழில் இந்த வேலையை முனைந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். த.சீனிவாசனை ஆசிரியராகக் கொண்டு 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் கற்பிக்கிறது. அதில் து.நித்யா எழுதிய மைஎஸ்கியூஎல், லினக்ஸ் பாடங்கள் மின்னூல்களாகவும் வந்திருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னெடுத்த ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம், சுமார் பத்து நிமிடக் காணொளிப் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருகிறது. அங்கே பாடத்தின் எழுத்து வடிவம் இரண்டு நெடுவரிசைகளாக இருக்கும்: ஒன்றில் திரையில் தெரிவது, மற்றொன்றில் குரல் சொல்வது. அந்தப் பாடத்தை நிபுணர் பார்த்தால் மட்டும் போதாது. அந்த மென்பொருளை அறியாத ஒருவரும் செய்துபார்க்க வேண்டும்.

எழுத வருகிறவர் மனதில் கொள்ள வேண்டியவை இவை. எந்தப் பதிப்பு, முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. அடைப்புக்குறி இல்லாமல் ‘ப்ரின்ட்’ எழுதச் சொல்லும் பழைய பாடத்தை இன்றைய பைத்தான் 3-இல் அப்படியே அடித்தால் பிழைதான் வரும். பதிப்பைக் குறிக்காத பாடத்தில், தவறு தன்னுடையது என்றே படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

ஒரு பாடத்தில் ஒரே வேலை. ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு திரையில் என்ன வரவேண்டும் என்று காட்ட வேண்டும். அடிக்கடி வரும் பிழைச் செய்தியையும் அதற்கான தீர்வையும் சேர்த்தே எழுத வேண்டும். நிரலைத் தானே ஓட்டிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. ஆவணச் செயலிகள் நேரான மேற்கோள்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். அதை அப்படியே ஒட்டினால் நிரல் ஓடாது. கண்ணில் எளிதில் படாத இந்தச் சின்ன விஷயம் புதியவரை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும்.

அடுத்தது நேர்மை. கணியத்தின் கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. ஆசிரியர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தோடு எவரும் பகிரலாம், மாற்றலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு வேறொருவர் எழுத்தை நகலெடுத்துத் தருவது, தன்னுடையது அல்லாததைத் தானம் செய்வதாகும். செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுப்பதை அப்படியே அனுப்புவதிலும் ஆபத்து உண்டு. 2022 டிசம்பரில் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ சாட்ஜிபிடி பதில்களுக்குத் தடை போட்டதற்குக் காரணம், அவை பார்வைக்குச் சரியாகவும் உண்மையில் பல நேரம் தவறாகவும் இருந்ததுதான். தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அது சிறு தொல்லை. கற்க வந்தவருக்கோ அதுவே பாடமாகிவிடும்.

இத்தகைய பாடங்கள் கல்லூரிக்கும் தேவை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. வகுப்பு வந்தால் மட்டும் போதுமா? மாணவர் தனியாகப் படித்து நிமிரும் அளவுக்கு நல்ல பாடங்கள் வேண்டாமா?

அவற்றை எழுதுவதற்கான ஆட்கள் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கோணம் என்ற இடத்தில் அரசு பாலிடெக்னிக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. சுங்கான்கடையிலும் குமாரகோவிலிலும் பொறியியல் கற்பிக்கும் நிறுவனங்கள் உண்டு. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைத் தமிழில் பாடமாக எழுதட்டும். தமிழ்வழியில் வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் அதை வைத்துச் செய்துபார்க்கட்டும். அப்போது எழுதியவர் அருகில் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. படிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்த வேண்டும். எவரையும் கேட்காமல் அவர் கடைசிப் படிவரை செய்து முடித்த பிறகுதான் அந்தப் பாடத்தை வெளியிட வேண்டும்.