மயிலைப் பிடித்தலும் மருந்தூட்டலும்

இலங்கையின் உலர் வலயப் பறவையாக நெடுங்காலம் அறியப்பட்டு, வெல்லவாய, புத்தல, கதிர்காமம் முதலிய ஊவாத் தாழ்நிலங்களில் மிகுந்திருந்த மயில் இன்று ஈர வலயத்திலும் மலைச்சரிவுகளிலும் காணப்படுகிறது. 2025 மார்ச் 15 அன்று நாடெங்கும் நடந்த பயிரழிக்கும் விலங்குகளின் கணக்கெடுப்பில் குரங்கோடு அதுவும் எண்ணப்பட்டது. பயிரைத் தின்றாலும் அது சட்டம் காக்கும் பறவையாகையால், பண்டாரவளைத் தோட்டமொன்றில் அடிபட்டுக் கிடப்பதைக் காண்பவர் முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கே அறிவிக்க வேண்டும்.

துரத்திப் பிடிப்பதே பெருந்தவறு. மிரண்டோடும் பறவையின் தசைகள் மிகையுழைப்பால் சிதைந்து, பிடித்த சில நாள்களிலும் அது இறக்கக்கூடும். இருட்டில் அணுகித் தலையைத் துணியால் மூடினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். அதன்பின் சிறகுகளை உடலோடு அணைத்து, குதிமுள் கிழிக்காதவாறு இரு கால்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தோகையைப் பற்றினால் இறகுகள் கொத்தாகக் கையோடு வந்துவிடும் (பறவை தப்பிவிடும்). பறவைகளுக்கு உதரவிதானம், அதாவது மூச்சுக்கு உதவும் இடைத்திரைத் தசை, இல்லாமையால் மார்பெலும்பு அசைந்தே காற்று உட்புகுகிறது. ஆகவே நெஞ்சை இறுக்குவது மூச்சை அடைப்பதாகும்.

பிடித்த மயிலை வைத்துப் பேணும் இடத்திலும் கவனம் வேண்டும்: வளர்ப்பு மயில்களைத் தாக்கும் கருந்தலை நோய், ஈரலையும் பெருங்குடற்பையையும் அரிக்கும் ஓரணு உயிரியால் உண்டாகி, கோழிகளின் குடற்புழு முட்டை வழியே பரவுவதால், லயத்துக் கோழிகள் மேய்ந்த நிலமும் ஆபத்தானதே. நோயுற்ற பறவை நீரைக் குறைவாகவே அருந்துமாதலால், தண்ணீரில் கலந்த மருந்தை நம்பாது, எடை பார்த்து, கால்நடை வைத்தியர் குறித்த அளவை நாவடியிலுள்ள மூச்சுத் துளையைத் தவிர்த்துத் தொண்டையின் வலப்புறமாகச் செலுத்த வேண்டும்.