சீனக்குடாவின் கோல்ப் திடல்: ‘பொது’ என்னும் சொல் பற்றிய சில குறிப்புகள்

விளையாட்டுகள் குறித்துத் தமிழில் எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் கிளித்தட்டு, போர்த்தேங்காய், கொம்புமுறி முதலியவற்றோடு நின்றுவிடுகின்றன. கோல்ப் பற்றி எழுதப் புகுந்தால், செல்வர்தம் பொழுதுபோக்கில் ஆராய்வதற்கு என்ன உளது என்ற வினா உடன் எழும். வினா நியாயமானதே. ஆயினும் கோல்ப் ஏனைய பந்தாட்டங்களினின்றும் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. அது நிலத்தைப் பெருந்தொகையாக வேண்டி நிற்பது. உதைபந்தாட்டத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தால் இருபத்திரண்டு பேர் ஓடி விளையாடலாம். 18 குழிகளைக் கொண்ட கோல்ப் திடலுக்கோ நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். எனவே கோல்பைப் பற்றிப் பேசத் தொடங்குவோர், விரும்பினும் விரும்பாவிடினும், நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். நிலத்தைப் பற்றிய பேச்சு திருகோணமலையில் எக்காலத்தும் சாதாரணப் பேச்சாக இருந்ததில்லை.

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில், இலங்கை விமானப்படையின் நிருவாகத்தில் 18 குழிகளைக் கொண்ட கோல்ப் திடலொன்று இயங்கி வருகின்றது. ‘ஈகிள்ஸ் கோல்ப் லிங்ஸ்’ என்பது அதன் பெயர். 2009இல் போர் முடிவுற்றபின் கிழக்கில் உல்லாசப் பயணத்துறை வளர்க்கப்பட்ட சூழலில் உருவானது இது. படையினர் மட்டுமன்றிக் குடிமக்களும் வெளிநாட்டாரும் கட்டணம் செலுத்தி இங்கு விளையாடலாம். கழக உறுப்புரிமை வேண்டியதில்லை. இவ்வகையில் இதனைப் ‘பொதுத் திடல்’ என்று கூறுவது வழக்கு. அச்சொல் இங்கு எந்த அளவுக்குப் பொருந்துகின்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் இயல்பை முதலிற் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். தொடக்க மேடையிலிருந்து அடித்த பந்தைப் புல்வழியே கொண்டுசென்று, பசுந்தளத்தில் உள்ள சிறு குழியில் இயன்றவரை குறைந்த அடிகளில் வீழ்த்துவதே ஆட்டம். திறமைமிக்க ஒருவர் பதினெட்டுக் குழிகளையும் முடிக்க எத்தனை அடிகள் தேவை என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதனைப் ‘பார்’ என்பர். முழுத் திடல்களில் அது வழக்கமாக 72 அடிகளை அண்டியிருக்கும். இதனிலும் சுவையானது ‘ஹண்டிகப்’ எனப்படும் சலுகைக் கணக்கு. ஒருவரின் சலுகை எண் 18 எனில், அவர் 90 அடிகளில் முடித்தாலும் கணக்கில் 72 என்றே கொள்ளப்படும். அவரோடு ஆடிய, சலுகை எதுவுமற்ற வல்லுநர் 73 அடிகளில் முடித்திருப்பின் வெற்றி முன்னவருக்கே. ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டு, அதனை எண்ணால் அளந்து, ஈடுசெய்து, பின்னரே போட்டியைத் தொடங்கும் விளையாட்டுகள் உலகில் மிகச் சிலவே. மேலும், வழமையான ஆட்டத்தில் நடுவர் ஒருவர் உடன்செல்வதில்லை. தன் தவறுக்குரிய தண்ட அடியை ஆடுபவரே தன் கணக்கிற் சேர்த்துக்கொள்வார். இத்துணை நுண்ணிய சமத்துவம் வேலிக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாவது இவ்விளையாட்டின் முரண் எனலாம்.

சீனக்குடாவில் விளையாடுவோர் முதலில் எதிர்கொள்வது பந்தையன்று, பருவத்தை. திருகோணமலை உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான வாடைக்காலத்திற் பெய்து தீர்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். நிலம் இறுகிப் புல் சுருங்கும். விழுந்த பந்து நிற்காது நெடுந்தூரம் உருண்டோடும். மழைநாட்டுத் திடலிற் பழகியவர் இங்கு தம் கைக்கணக்கை முழுதும் மாற்றிக்கொள்ள நேரும். நுவரெலியாவில் 1889இல் நிறுவப்பட்ட கழகத்தின் திடல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு குளிர்காற்றில் ஆடிய ஒருவர் சீனக்குடாவில் அதே கோலால் அதே விசையோடு அடித்தாலும், முடிவு வேறாகவே இருக்கும்.

வெப்பம் காரணமாக ஆட்டம் விடியற்காலையிலேயே தொடங்கப்படுகின்றது. முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுப்பெறும். உயர அடிக்கும் பந்தை அது ஏந்திக்கொண்டு போய்விடும். அனுபவமுள்ளவர் பந்தைத் தாழ அடிக்கக் கற்றுக்கொள்கின்றனர். பதினெட்டுக் குழிகளை நடந்து முடிக்க நான்கு மணி நேரமேனும் செல்லும். அந்த நான்கு மணி நேரத்துள் காற்று இருமுறை திசை மாறுவதும் உண்டு. மணலும் உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்த இந்நிலத்தை நம் முன்னோர் நெய்தல் என்றனர். ‘லிங்ஸ்’ என்ற சொல்லும் ஏறத்தாழ அதனையே குறிப்பது. ஸ்கொட்லாந்தின் கரையோரத்தில், கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடைப்பட்ட, ஏர் பிடிக்க உதவாத மணற்றரைக்கு வழங்கிய பெயர் அது. ஆடு மேயவும் முயல் பிடிக்கவும் ஊரார் பொதுவிற் பயன்படுத்திய தரை. கோல்ப் அங்கேதான் பிறந்து வளர்ந்தது.

இவ்விளையாட்டின் தாயகமாகக் கருதப்படும் சென் அன்ட்றூஸ் நகரின் கதையைச் சற்று விரித்துக் கூறுதல் பயன் தரும். 1457இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் கோல்பையும் உதைபந்தாட்டத்தையும் தடைசெய்தது. இளைஞர் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டுப் பந்தின் பின்னே திரிந்தமையே காரணம். (படைப் பயிற்சியைக் கெடுக்கின்றதென்று தடைசெய்யப்பட்ட ஆட்டத்தைப் படையே நடத்தும் காலமும் வந்ததை எண்ணினால் நகைப்பு உண்டாகின்றது.) 1552இல் பேராயர் ஜோன் ஹமில்ற்றன் வழங்கிய சாசனம், அக்கரையோர நிலத்தில் விளையாடும் உரிமை நகர மக்களுக்கு உண்டு என்பதை உறுதிசெய்தது. 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தை விற்றுவிட்டது. வாங்கியவர்கள் முயல் வளர்க்கத் தலைப்பட்டனர். முயல்கள் தோண்டிய வளைகளால் ஆட்டம் கெட்டது. நகரத்தாருக்கும் முயல் வணிகருக்கும் இடையே வழக்கும் கைகலப்பும் நெடுநாள் நீடித்தன. இறுதியில், 1894ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டமொன்றின் வழி நகரசபை நிலத்தை மீட்டுக்கொண்டது. 1974இல் இன்னொரு சட்டம் அதனை நம்பிக்கைப் பொறுப்பொன்றிடம் ஒப்படைத்தது. உலகப் புகழ்பெற்ற அத்திடலில் விளையாட அயலார் பெருந்தொகை செலுத்துகின்றனர். உள்ளூரவருக்கோ மிகக் குறைந்த ஆண்டுக் கட்டணமே. ஞாயிற்றுக்கிழமைகளில், பெரும் போட்டி நாட்கள் நீங்கலாக, பழைய திடலில் ஆட்டம் இல்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அதில் உலாவுகின்றனர். முதலாம், பதினெட்டாம் புல்வழிகளின் குறுக்கே பொதுப்பாதை ஒன்று செல்கின்றது. அதில் எவரேனும் நடந்து போனால், எத்துணைப் பெரிய வீரராயினும் கோலைத் தாழ்த்திக் காத்து நிற்க வேண்டியதுதான்.

இங்கு ‘பொது’ என்பதன் பொருள் தெளிவானது. நிலம் ஊருக்கு உரியது. விளையாட்டு அதன்மேல் நிகழும் பயன்களுள் ஒன்று. சீனக்குடாவிலோ நிலம் படைக்கு உரியது, விளையாட்டு படை அளிக்கும் சேவை, வருபவர் வாடிக்கையாளர். முன்னையது உரிமை, பின்னையது அனுமதி. இரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பதனால் விளையும் மயக்கம் சிறிதன்று.

சீனக்குடா நிலம் இந்நிலையை எய்தியது ஒருநாளில் அன்று. 1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடந்த நிலத்தை, மறுதலையாக நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியதெனக் கொண்டது. மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வழிகோலிய சட்டம் என்றே இதனைப் பெரிதும் பேசுவோம். ஆயின் உறுதிப்பத்திரமின்றி ஊரார் பொதுவிற் பயன்படுத்தி வந்த மேய்ச்சல் தரைக்கும் கரையோர மணலுக்கும் அதன் நிழல் நீண்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத் தக்கது. ஸ்கொட்லாந்தில் ‘பயனற்ற’ மணல் ஊர்ப்பொதுவாக எஞ்சியது. இங்கு அத்தகைய மணல் அரசின் கைக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டிற் சீனக்குடாவில் விமானத்தளம் எழுந்தது. கடற்படைக்கான எண்ணெய்த் தாங்கிகள் ஏறத்தாழ நூறு கட்டப்பட்டன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாத் தளத்தையும் தாக்கின. 1957இல் தளங்கள் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டன. கொடி மாறியது, வேலி மாறவில்லை. எண்ணெய்த் தாங்கிகள் மூன்று தரப்பினரிடையே பங்கிடப்பட்ட 2022 ஜனவரி உடன்படிக்கை பற்றி நாடெங்கும் விவாதம் நடந்தது. அயலிலுள்ள கோல்ப் திடலைப் பற்றி அத்தகைய விவாதம் எதுவும் எழவில்லை. விளையாட்டு என்ற பெயர் ஒன்றுக்கு வந்துவிட்டால் அதனை அரசியலாக நோக்காத பழக்கம் நம்மிடம் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பழைய படைத்தள வளாகமொன்று கோல்ப் திடலாவதும், மக்கள் குடியிருந்த ஊர் பறிபோவதும் ஒன்றல்ல. கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, 2015ஆம் ஆண்டு முதலே தம் நிலங்களுக்குப் படிப்படியாகத் திரும்ப முடிந்தது. அது வேறு வகையான துயரம். இரண்டையும் ஒரே மூச்சிற் பேசுவது சம்பூராருக்கு நியாயம் செய்வதாகாது. ஆயினும் ஒரே மாவட்டத்தில், ஒரே குடாவின் இரு கரைகளில், நிலம் பற்றிய இவ்விரு அனுபவங்களும் அருகருகே உள்ளன என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

படைகளுக்கும் கோல்பிற்குமான உறவு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்திய இராணுவத்தின் கோல்ப் திடல்கள் ‘சூழற் பூங்காவும் பயிற்சித் தளமும்’ என்னும் பெயரில் வழங்குவதையும், பாதுகாப்பு நிலத்தில் அவை ஈட்டும் வருமானம் அரச கணக்கிற் சேராமையையும் அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளர் தம் அறிக்கையொன்றிற் கண்டித்துள்ளார். பிற இடங்களில் நிலத் தேவையே திடல்களை விழுங்குகின்றது. சிங்கப்பூரில் எவரும் கட்டணம் செலுத்தி ஆடக்கூடியதாயிருந்த மரீனா பே திடல் 2024இல் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் தமிழ்நாட்டரசு கிண்டிக் குதிரைப்பந்தயத் திடலின் குத்தகையை இரத்துச்செய்து நிலத்தைக் கையேற்றபோது, அதனுள் அமைந்த கோல்ப் திடலும் உடன்போயிற்று. இவை இங்கு அப்படியே பொருந்துவன அல்ல. சீனக்குடாவில் நிலநெருக்கடி சிங்கப்பூரைப் போன்றதன்று.

விளையாடுவோரின் அனுபவத்தில் இன்னொருவருக்கும் பங்குண்டு: பை சுமந்து உடன் நடக்கும் ‘கெடி’. காற்றின் போக்கையும் பசுந்தளத்தின் சரிவையும் அவரே நன்கறிவார். பெங்களூரில் கெடியாக இருந்த சின்னசுவாமி முனியப்பா 2009இல் இந்தியப் பகிரங்கக் கோல்ப் போட்டியில் வென்றார். கொழும்பில் அவ்வாறே தொடங்கிய நந்தசேன பெரேரா நாட்டின் முன்னணி வீரரானார். அவர் மகன் மிதுன் பெரேராவும் தொழில்முறை வீரரே. வேலியின் உள்ளே செல்லும் வாய்ப்பு, அது சுமைகூலியாக இருப்பினும், என்ன செய்யவல்லது என்பதற்கு இவை சான்று. தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ கோணேசபுரியிலோ பிறந்த ஒரு சிறுவன் கோல்ப் கோலைக் கையில் எடுக்கும் வாய்ப்பு இன்று எங்கிருந்து வரும்?

நீரையும் எண்ண வேண்டும். கந்தளாய்க் குளத்தை வேளாண்மைக்கும் குடிநீருக்கும் நம்பியிருக்கும் மாவட்டம் இது. சிறுபோக வயல்கள் நீருக்கு ஏங்கும் அதே மாதங்களிலேயே பசுந்தளங்களும் நீர் கேட்கின்றன.

திடலை மூடவேண்டும் என்பது எம் வாதமன்று. காடழிந்து கொங்கிறீற்று எழுவதனினும் புல்வெளி நன்றே. வேண்டப்படுவன சிறியவை: மாவட்டத்தில் வாழ்வோருக்கெனக் குறைந்த கட்டணம், பாடசாலை மாணவருக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுது, ஆட்டமில்லாத ஒருநாளில் ஊரார் நடந்து செல்லத் திறந்த பாதை, வரவுசெலவுக் கணக்கின் ஆண்டு வெளியீடு. பாதுகாப்பு இதற்கு இடந்தராது என்று கூறுவர். அவ்வளாகத்துள் குடிமக்கள் நுழைவது புதிதன்று. சீனக்குடா விமானநிலையத்தில் உள்நாட்டுப் பயணிகள் வந்திறங்குகின்றனர். விமானப்படையே நடத்தும் மாபிள் கடற்கரைக்கு விடுமுறை நாட்களில் குடும்பங்கள் வாயிலிற் சிறு கட்டணம் செலுத்தி, சோற்றுப் பொதிகளோடும் தண்ணீர்ப் போத்தல்களோடும் சென்று, மாலைவரை கடலிற் குளித்துத் திரும்புகின்றன.