ஒரு காலை இழந்தவர் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் இல்லாமல் வேலைக்கும் போக முடியாது, கிளினிக்குக்கும் போக முடியாது. விபத்தில் ஒரு காலை இழந்தவர் அப்புறம் வீட்டோடு முடங்க வேண்டியதுதானா? இல்லை, வழி இருக்கிறது.

எந்த வண்டி பொருந்தும்?

காப்சாயில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். ஸ்கூட்டரில் கியர் மாற்றும் வேலையே இல்லை. பொதுவாக இரண்டு பிரேக்கும் கையில்தான். நிறுத்தும்போது வண்டியைத் தாங்க முடியாதவர்கள் பின்னால் இரு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திக்கொள்கிறார்கள்.

எந்த லைசென்ஸ்?

250 சிசி வரையிலான சாதாரண மோட்டாருக்கு 'பி2'. மாற்றுத் திறனாளிகளுக்கென அமைந்த, எடை 250 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு 'ஏ'. முதலில் சமூக நல இலாகாவில் (ஜே.கே.எம்.) பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுங்கள். அட்டை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் கட்டணத்தில் விலக்கு உண்டு. மருத்துவப் பரிசோதனையும் அவசியம்.

பட்டறையில் மாற்றினால் போதுமா?

போதாது. சக்கரம் பொருத்தும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் (ஜே.பி.ஜே.) அனுமதி கேளுங்கள். அனுமதியில்லாத வண்டி விபத்தில் சிக்கினால், காப்புறுதி இழப்பீடு கிடைப்பதும் சிக்கலாகலாம்.

பெர்கேசோ உதவுமா?

சந்தா செலுத்தும் தொழிலாளி வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ வழியில் அடிபட்டால், அதுவும் பெர்கேசோ பாதுகாப்பில் வரும். அடிபட்டவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் பெர்கேசோ மறுவாழ்வு மையம் 2014 முதல் மலாக்காவிலேயே இயங்குகிறது. 'இனி என்ன செய்ய' என்று உட்கார்ந்துவிடாமல், முதலில் பெர்கேசோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.