வாஷிங்டனில் ஒரு வாரம்
தொடர் – 9

சென்ற வாரம் பிரிட்டனின் இளையோர் நாடாளுமன்றத்தைப் பார்த்தோம். அங்கே பிள்ளைகளே எம்.பி.க்களின் இருக்கையில் அமர்ந்து விவாதிக்கிறார்கள். அமெரிக்காவில் வேறு வழி. பதவியில் இருப்பவர்களையே பிள்ளைகளின் எதிரே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கென்றே 1962-இல் அமெரிக்க செனட் தீர்மானம் போட்டு ஓர் இளைஞர் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்துக்கு இருவர், தலைநகருக்கு இருவர், ராணுவத்தினரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இருவர் என 104 மாணவர்கள், ஆண்டுதோறும் மார்ச்சில் ஒரு வாரம் வாஷிங்டனில் தங்குகிறார்கள். செலவெல்லாம் ஹெர்ஸ்ட் அறக்கட்டளைகளுடையது. அரசுப் பணம் ஒரு காசு கிடையாது. ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர் கல்வி உதவித்தொகையும் உண்டு.

செனட்டர்கள், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதி, வெளிநாட்டுத் தூதர் என்று வரிசையாக வருகிறார்கள். பேசி முடித்ததும் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். இரவில் டெக்சாஸ் மாணவரும் வெர்மான்ட் மாணவரும் ஒரே மேசையில் சாப்பிட உட்காரும்போது, பகலில் கேட்டதைப் பற்றிய வாக்குவாதம் தொடர்கிறது. எதிர்க்கருத்துக்காரரோடு ஒரு வாரம் முழுக்கச் சேர்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறதே, இந்தத் திட்டத்தின் பெரிய பாடமே அதுதான் என்பேன்.

1971-இல் மெய்ன் மாநிலத்திலிருந்து 18 வயது சூசன் காலின்ஸ் வந்தார். அப்போது செனட்டில் இருந்த ஒரே பெண், அதே மாநிலத்தின் மார்கரெட் சேஸ் ஸ்மித். மாணவியைத் தன் அறைக்கு அழைத்துக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பேசினார். பெண்களால் எதையும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையோடு அந்த அறையிலிருந்து வெளியே வந்ததாகக் காலின்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். 1997-இல் அவரே செனட்டரானார். ஸ்மித் ஒருகாலத்தில் வகித்த அதே இடத்தில். ஒரு செனட்டர் இரண்டு மணி நேரத்தை இதைவிட நன்றாகச் செலவிட்டிருக்க முடியாது.

வெளியுறவுத் துறைக்கும் மாணவர்களை அழைத்துப் போவது வழக்கம். தூதர் என்றதும் விருந்தும் கைகுலுக்கலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த வேலையின் முதல் படியைப் பார்க்க வாஷிங்டன் போக வேண்டாம், சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே போதும். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அப்பால் நின்று விசா கேள்வி கேட்கும் அதிகாரிகளில் பலர் பணியில் புதியவர்கள். அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர்பவர்கள் தொடக்க ஆண்டுகளில் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் பேச்சைக் கேட்டுச் சில நிமிடங்களில் முடிவெடுக்கும் பயிற்சி அங்கேதான் கிடைக்கிறது. தமிழ் கற்றுக்கொண்டு வருபவர்களும் உண்டு. அந்நாட்டு வெளியுறவுப் பயிற்சி நிலையம் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 44 வாரம்.

நம் பள்ளிகளில் கலெக்டராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. தூதராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அப்படியொரு வேலை இருப்பதை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஆசிரியர்களே, உங்கள் ஊர்ப்பக்கம் ஓய்வுபெற்ற வெளியுறவு அதிகாரி யாராவது இருந்தால் ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள்; பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். ஐ.ஏ.எஸ்.ஸுக்கு எழுதும் அதே குடிமைப் பணித் தேர்வுதான் இந்திய வெளியுறவுப் பணியான ஐ.எஃப்.எஸ்.ஸுக்கும். ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், நேர்முகத் தேர்விலும் தமிழிலேயே பேசலாம்.

(தொடரும்)